ரோசன்பிளாட்டை மின்ஸ்கி கவிழ்த்தாரா?

கேள்வி இதுதான்: மூளை நரம்பணுக்களைப் பார்த்து அமைத்த, தானே கற்கும் கணினி வலையான இன்றைய நியூரல் நெட்வொர்க்குக்கு முதல் விதை போட்டவர் ஃபிராங்க் ரோசன்பிளாட் என்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் மார்வின் மின்ஸ்கி ஒரே ஒரு புத்தகம் எழுதி அவரைக் கவிழ்த்துவிட்டார், அதோடு அவர் ஒதுங்கிப்போனார் என்றும் சொல்கிறார்கள். அவர் யார், இதில் எவ்வளவு உண்மை, அப்புறம் அவர் என்ன செய்தார்?

விதை போட்டவர் என்பது சரி. கவிழ்த்த கதையில் கொஞ்சம் உண்மை உண்டு, மசாலா நிறைய உண்டு. ஒதுங்கிப்போனார் என்பது தவறு. எப்படி என்று விளக்குகிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். கூட்டல் கழித்தல்தான், தாண்டிப் போய்விடாதீர்கள். அது புரிந்தால்தான் சண்டை எதற்கு என்பதே புரியும்.

ரோசன்பிளாட் 1928 ஜூலை 11 அன்று நியூயார்க் மாநிலத்தின் நியூ ரோஷெல் ஊரில் பிறந்தவர். பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் படித்து 1946இல் வெளியே வந்தார். மின்ஸ்கியும் அதே பள்ளி, ஒரு வருடம் சீனியர். இந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டுதான் "பள்ளித் தோழர்களின் பகை" என்று பலரும் கதை கட்டுகிறார்கள். பள்ளியில் இருவருக்கும் சண்டை இருந்ததாக எண்ண எந்த ஆதாரமும் இல்லை.

பிறகு கார்னெல் பல்கலைக்கழகம். 1950இல் இளங்கலை, 1956இல் முனைவர் பட்டம். பாடம் உளவியல். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. செயற்கை நுண்ணறிவின் தொடக்ககால ஆட்களில் பெரும்பாலோர் கணிதம் வழியாக வந்தவர்கள். தேற்றத்தை நிரூபிப்பதும் சதுரங்கம் ஆடுவதும்தான் அறிவு என்று அவர்களுக்குத் தோன்றியது. ரோசன்பிளாட்டின் கேள்வி வேறு. கண் ஒன்றைப் பார்க்கிறது, மூளை அதை அடையாளம் கண்டுகொள்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கண்டுகொள்கிறது. இந்த நினைவு மூளையில் எந்த வடிவத்தில் தங்குகிறது? அவர் வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்வியைத்தான் துரத்தினார். எலிகளோடு அவர் செய்த வேலையைப் பற்றிக் கடைசியில் வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் கட்டுவதில் அவருக்கு ஆரம்பம் முதலே ஆசை இருந்தது. ஆய்வேட்டுக்காக 200க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் 600 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பி வாங்கினார். அந்தத் தரவுகளைக் கையால் அலச முடியாது என்று தனக்கென்றே ஒரு சிறிய கணினியை உருவாக்கிக்கொண்டார். 1950களின் தொடக்கத்தில் ஓர் உளவியல் மாணவர் செய்த காரியம் இது!

அப்போது களத்தில் என்ன இருந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். 1943இல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் இருவரும் நரம்பணுவை ஒரு சின்னத் தர்க்கச் சாதனமாகக் கருதலாம் என்று காட்டியிருந்தார்கள். உள்ளே வரும் சமிக்ஞைகளின் கூட்டுத்தொகை ஓர் அளவைத் தாண்டினால் நரம்பணு துடிக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். ஆனால் அந்த நரம்பணு எதையும் கற்காது. 1949இல் டொனால்ட் ஹெப், சேர்ந்து துடிக்கும் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு வலுப்படுகிறது, கற்றல் என்பதே அதுதான் என்றார். அது கணக்கில் வராத கருத்தாகவே நின்றது. 1956 கோடையில் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் மெக்கார்த்தி, மின்ஸ்கி, கிளாட் ஷானன், நத்தானியேல் ரோச்செஸ்டர் நால்வரும் கூட்டிய பட்டறையிலிருந்துதான் "செயற்கை நுண்ணறிவு" என்ற பெயர் பரவியது. ரோசன்பிளாட் அந்த வட்டத்து ஆள் இல்லை. பஃபலோவில் இருந்த கார்னெல் வானூர்தி ஆய்வகத்தில், விமான ஆராய்ச்சிக்காரர்கள் மத்தியில் உட்கார்ந்து, மெக்கல்லக்–பிட்ஸின் நரம்பணுவையும் ஹெப்பின் கருத்தையும் ஒன்றாகக் கோத்துக்கொண்டிருந்தார். 1957 ஜனவரியில் வெளிவந்த அவருடைய அறிக்கையில்தான், கற்கும் அந்த நரம்பணு வலைக்கு அவர் வைத்த "பெர்செப்ட்ரான்" என்ற பெயர் முதலில் வருகிறது.

இனி அந்த இயந்திரம். இன்று பெர்செப்ட்ரான் என்றால் பைத்தான் நிரல்மொழியில் பத்து வரி. அன்று அது ஓர் அறையை அடைத்த இரும்புச் சட்டங்களும் கம்பிகளும்.

மார்க் 1 பெர்செப்ட்ரான் என்று அதற்குப் பெயர். சார்லஸ் வைட்மன் உள்ளிட்ட பொறியாளர்கள் சேர்ந்து கட்டினார்கள். பணம் கொடுத்தது அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம். பொது மக்கள் முன் அது இயங்கிக் காட்டப்பட்டது 1960இல். முன்பக்கம் 20க்கு 20 என்று 400 ஒளிமின்கலங்கள், அதுதான் கண். நல்ல வெளிச்சத்தில் ஓர் எழுத்தையோ வடிவத்தையோ அதன் முன் காட்டினால், சில கலங்களில் மின்சாரம் ஓடும், சிலவற்றில் ஓடாது. அங்கிருந்து கம்பிகள் 512 அலகுகளுக்குப் போகும். எந்தக் கலத்திலிருந்து எந்த அலகுக்குப் போவது என்பதைச் செருகுப் பலகையில் வேண்டுமென்றே தாறுமாறாக அமைத்திருந்தார்கள். படங்களில் பார்த்தால் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி இருக்கும். குழந்தையின் மூளை பிறக்கும்போதே ஒவ்வொரு கம்பியும் வரைபடப்படி பொருத்தப்பட்டு வருவதில்லையே, ஆகவே இதற்கும் வேண்டாம் என்பது அவர் எண்ணம். 512இலிருந்து 8 விடை அலகுகளுக்குச் சமிக்ஞை போகும்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அடுத்தது. பழைய வானொலிப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு குமிழைத் திருகுவோம் அல்லவா? 512 அலகுகளிலிருந்து விடை அலகுகளுக்குப் போகும் இணைப்புகளில் அப்படிப்பட்ட குமிழ்கள் இருந்தன. ஒவ்வொரு குமிழையும் திருக ஒரு சின்ன மின்மோட்டார். இயந்திரம் தப்பாகச் சொன்னால் மோட்டார்கள் சுழன்று குமிழ்களைக் கொஞ்சம் இப்படியோ அப்படியோ நகர்த்தும். அதாவது அந்த இயந்திரம் கற்றுக்கொள்வதைக் காதால் கேட்கலாம்! இன்று நாம் "எடை" என்று சொல்லிக் கோடிக்கணக்கில் எண்ணுவது, அன்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய குமிழின் நிலை.

அது எப்படிக் கற்கும் என்பதைத் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். 400 கலம் வேண்டாம், மூன்று போதும்: இடம், நடு, வலம். இரண்டே அட்டைகள். முதல் அட்டையில் நடுவிலும் வலத்திலும் மை, அதற்கு விடை "வலம்". இரண்டாவதில் இடத்திலும் நடுவிலும் மை, அதற்கு விடை "இடம்". மூன்று குமிழும் தொடக்கத்தில் 0, 0, 0. மை பட்ட கட்டங்களின் குமிழ் எண்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை பூஜ்ஜியத்துக்கு மேல் என்றால் "வலம்", இல்லாவிட்டால் "இடம்".

முதல் அட்டையைக் காட்டுகிறோம். கூட்டுத்தொகை 0, எனவே "இடம்" என்கிறது. தப்பு. வலம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்பதால் மை பட்ட இரண்டு கட்டங்களின் குமிழையும் ஒன்று கூட்டுகிறோம்: 0, 1, 1. இரண்டாம் அட்டை. இடத்தின் 0, நடுவின் 1, மொத்தம் 1. "வலம்" என்கிறது. இதுவும் தப்பு. இப்போது மை பட்ட இரண்டிலும் ஒன்று குறைக்கிறோம்: -1, 0, 1. மறுபடி முதல் அட்டை: 0 கூட்டல் 1, "வலம்". சரி. மறுபடி இரண்டாவது: -1 கூட்டல் 0, "இடம்". சரி. முடிந்தது.

நடுக் குமிழைக் கவனித்தீர்களா? ஏறியது, பிறகு இறங்கி பூஜ்ஜியத்துக்கே வந்துவிட்டது. நடுக்கட்டம் இரண்டு அட்டையிலும் இருக்கிறது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. இரண்டு முறை அடிபட்டுத் தானாகவே அந்தக் கட்டத்தைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிட்டது. வகுப்பில் இந்தக் கணக்கைப் போடும்போது இந்த இடத்தில் யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். ரோசன்பிளாட்டின் சாதனை இதுதான்: தப்பு செய்தால் மட்டும் திருத்து, பங்கு இருந்த இணைப்புகளை மட்டும் திருத்து. இந்த விதிப்படி போனால், விடை என்று ஒன்று இருக்கும் பட்சத்தில், இயந்திரம் குறிப்பிட்ட எண்ணிக்கைத் திருத்தங்களுக்குள் அதைக் கண்டுபிடித்தே தீரும் என்று நிரூபணமும் வந்தது. "விடை என்று ஒன்று இருக்கும் பட்சத்தில்" என்ற அந்த நிபந்தனையில்தான் பின்னால் வந்த வினை முழுக்க அடங்கியிருக்கிறது.

மார்க் 1 தயாராகும் முன்பே, 1958 ஜூலையில், வாஷிங்டனில் வானிலைத் துறையின் ஐபிஎம் 704 கணினியில் பெர்செப்ட்ரானை ஒரு நிரலாக ஓட்டிப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். ஐந்து டன் எடையுள்ள கணினி அது. நான் மேலே போட்டது போலத்தான் அங்கேயும்: இடப்பக்கம் குறி போட்ட அட்டை, வலப்பக்கம் குறி போட்ட அட்டை. ஐம்பது முறை காட்டியபின் அது பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டது. மறுநாள் நியூயார்க் டைம்ஸில் செய்தி. நடக்கும், பேசும், பார்க்கும், எழுதும், தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும், தான் இருப்பதைத் தானே உணரும் என்று கடற்படை எதிர்பார்க்கும் கணினியின் கரு இது என்று எழுதினார்கள். ஒரு வருடத்தில், ஒரு லட்சம் டாலர் செலவில், முதல் இயந்திரம் தயாராகிவிடும் என்றும் அதில் இருந்தது.

இடம் வலம் சொன்ன நிரலுக்கு இந்த அலங்காரம்! சக ஆய்வாளர்களுக்கு எரிச்சல் வந்ததில் வியப்பில்லை. பத்திரிகைகள் மோப்ப நாய்க் கூட்டம் மாதிரி குதூகலமாகப் பாய்ந்தன என்று ரோசன்பிளாட்டே 1962இல் வந்த தன் பெரிய நூலின் முன்னுரையில் நொந்துகொண்டிருக்கிறார். ஆனால் பழி முழுவதையும் பத்திரிகைகள் மேல் போட முடியாது. அந்தச் செய்தியாளர் கூட்டத்தில் பேசியவர் அவர்தான். கூச்ச சுபாவக்காரர் என்றாலும், மேடை ஏறினால் பேச்சில் சூடு ஏறிவிடும். என்னைக் கேட்டால், அவருக்குப் பின்னால் வந்த சங்கடத்தில் கால்வாசி அவரே வாங்கிக்கொண்டது.

அதே முன்னுரையில் இன்னொன்றும் சொல்கிறார். பெர்செப்ட்ரான் முதன்மையாக மூளைக்கான ஒரு மாதிரி, வடிவங்களை அடையாளம் காணும் கருவியாக அதை நினைக்க வேண்டாம் என்கிறார். செயற்கை நுண்ணறிவு தன் நோக்கமல்ல, இயற்கையான அறிவு எப்படி வேலை செய்கிறது என்பதே தன் கேள்வி என்கிறார். செயற்கை நுண்ணறிவின் முன்னோடி என்று நாம் இன்று மாலை போடுகிறவர், அந்தப் பெயரையே தனக்கு வேண்டாம் என்று தள்ளியவர்.

இப்போது மின்ஸ்கி. மின்ஸ்கிக்கு நரம்பணு வலைகள் மீது வெறுப்பு என்று நினைத்தால் கதையின் சுவையே போய்விடும். 1951இலேயே டீன் எட்மண்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து, சுமார் 3,000 வெற்றிடக் குழாய்களை வைத்து, 40 நரம்பணுக்கள் கொண்ட கற்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டியவர் மின்ஸ்கி. போரில் மிஞ்சிய குண்டுவீச்சு விமானத்தின் தானோட்டிப் பாகங்கள்கூட அதில் இருந்தன. பிரின்ஸ்டனில் அவர் முனைவர் பட்டம் வாங்கியதும் நரம்பணு வலைகள் பற்றித்தான். அந்த வழியில் போய்ப் பார்த்து, இது எடுபடாது என்று திரும்பி வந்தவர். ஒரு தெருவில் குடியிருந்து காலி செய்து போனவர், அந்தத் தெருவைப் பற்றிச் சொல்வதில் ஒரு காரம் இருக்கும் இல்லையா? அந்தக் காரம்தான் இது. 1960களில் கருத்தரங்குகளில் இருவரும் எதிரெதிரே நின்று வாதம் செய்தார்கள். பார்த்தவர்கள் ரசித்ததாகவும் சொல்வார்கள்.

1969இல் மின்ஸ்கியும் சீமோர் பாப்பர்ட்டும் சேர்ந்து "பெர்செப்ட்ரான்ஸ்" என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். அது வசைநூல் அல்ல, அசல் கணித நூல். அதில் உள்ளதில் மிகவும் பேர்போனது எக்ஸ்ஓஆர் (XOR) சிக்கல். மாடிப்படி விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். ஒன்றை மட்டும் போட்டால் எரியும், இரண்டையும் போட்டால் அணையும், இரண்டும் போடாவிட்டாலும் எரியாது. இதை நேற்றுப் பொருத்திய எலெக்ட்ரீசியனுக்கு இது ஒரு வேலையே இல்லை. சுவிட்சுகளின் எடைகளை நேரடியாகக் கூட்டும் ஓரடுக்கு பெர்செப்ட்ரானுக்கோ முடியவே முடியாது. ஏன்? கீழ் சுவிட்ச் தனியாக எரிய வைக்க வேண்டும் என்றால் அதன் எடை எல்லையைத் தாண்ட வேண்டும். மேல் சுவிட்சுக்கும் அதே கதை. தனித்தனியாக எல்லையைத் தாண்டிய இரண்டையும் கூட்டினால் இன்னும் தாண்டும், குறையாது. ஆகவே இரண்டும் போட்டால் அணைய வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாது. எவ்வளவு நாள் பயிற்சி கொடுத்தாலும் குமிழ்கள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். விடை என்று ஒன்று இல்லாத இடம் இது.

உண்மையில் புத்தகத்தின் வலுவான பகுதி இது இல்லை. ஓர் உருவம் ஒரே துண்டா, பல துண்டா என்ற கேள்விதான் அவர்கள் ஆழமாக அலசியது. வாசலில் போட்ட சிக்குக் கோலத்தைப் பார்த்தவுடன், அது ஒரே இழையா இரண்டு மூன்று இழையா என்று சொல்ல முடியுமா? விரலால் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். கோலத்தின் சின்னச் சின்னப் பகுதிகளைத் தனித்தனியாகப் பார்த்து, அவற்றுக்கு வாக்குப் போட்டுக் கூட்டுகிற எந்த இயந்திரமும் இதைச் சொல்ல முடியாது என்பதற்கு அவர்கள் நிரூபணம் கொடுத்தார்கள். புத்தகத்தின் அட்டையிலேயே இப்படிக் கண்ணை ஏமாற்றும் சுருள் படங்கள்தான்.

சரி, ரோசன்பிளாட்டுக்கு இது தெரியாதா? தெரியும். இங்கேதான் பிரபலமான கதை உடைகிறது. ஓரடுக்கு பெர்செப்ட்ரானுக்கு எதெல்லாம் கடினம் என்பதை 1962 நூலில் அவரே எழுதியிருக்கிறார். நடுவில் இன்னும் அடுக்குகள் சேர்த்தவை, ஒரே அடுக்குக்குள் குறுக்கிணைப்பு உள்ளவை, பின்னோக்கி இணைப்பு உள்ளவை என்று அந்த நூலின் பெரும்பகுதி போகிறது. நடுவில் ஓர் அடுக்கு இருந்தால் மாடிப்படி விளக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், மின்ஸ்கிக்கும்தான். தெரியாதது, நடு அடுக்கை எப்படிப் பயிற்றுவிப்பது என்பது.

இதைக் கல்யாணச் சமையல் மாதிரி யோசித்துப் பாருங்கள். ஒருவர் புளி கரைத்தார், ஒருவர் உப்புப் போட்டார், ஒருவர் பொடி தூவினார், இன்னொருவர் கடைசியில் தாளித்து இறக்கினார். பந்தியில் உட்கார்ந்தவர் சாம்பார் சரியில்லை என்கிறார். இறக்கியவரைத் திட்டுவது எளிது. பின்னால் நின்றவர்களில் யார், எவ்வளவு மாற்றிக்கொள்ள வேண்டும்? ஓரடுக்கு இயந்திரத்தில் இறக்கியவர் மட்டும்தான் உண்டு, அதனால் திருத்துவது சுலபம். அடுக்கு கூடினால் பழியைப் பின்னோக்கிப் பங்கிட ஒரு வழி வேண்டும். ரோசன்பிளாட் அதற்கு முயன்றார். பிழையைப் பின்னோக்கிப் பரப்புவது என்ற சொல்லையே 1962 நூலில் பயன்படுத்தியிருக்கிறார். இன்றைய பாடநூல்களில் இருக்கும் அதே பெயர்! ஆனால் அவருடைய நரம்பணு "துடிக்கும் அல்லது துடிக்காது" வகை. இடைப்பட்ட நிலை கிடையாது. உப்பு போட்டவரிடம் "போட்டாயா இல்லையா" என்று மட்டும்தான் கேட்க முடியும், "ஒரு சிட்டிகை குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்" என்று கேட்க முடியாது. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க நுண்கணிதம் வேண்டும், அதற்கு வழுவழுப்பாக ஏறி இறங்கும் நரம்பணு வேண்டும். அந்த ஒரு மாற்றம் இல்லாததால் அவருடைய முறை ஊகங்களையும் தற்செயல்களையும் நம்பி நின்றது. கதவுக்கு வெளியே வரைக்கும் வந்துவிட்டார், தாழ்ப்பாள் கைக்கு எட்டவில்லை.

மின்ஸ்கி, பாப்பர்ட் செய்த உண்மையான தவறு ஒன்று உண்டு. நிரூபணம் எல்லாம் ஓரடுக்கைப் பற்றியது. பல அடுக்குக்குப் போனாலும் பயன் இருக்காது என்பதே தங்கள் உள்ளுணர்வு என்று நூலின் முடிவில் சொன்னார்கள். நிரூபணத்துக்கும் உள்ளுணர்வுக்கும் இடையிலிருந்த கோட்டை வாசித்தவர்கள் கவனிக்கவில்லை. நிதி கொடுப்பவர்களுக்கு அந்தக் கோடு தேவையும் இல்லை.

ஆனால் பணம் வற்றியதற்குப் புத்தகம் மட்டும் காரணமல்ல. 1969க்கு முன்பே பலர் அந்தத் துறையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். வன்பொருளும் கைகொடுக்கவில்லை. ரோசன்பிளாட்டின் குழு 1961 முதல் 1967 வரை டோபர்மரி என்று ஓர் இயந்திரம் கட்டியது. பேச்சை அடையாளம் காண்பதற்கானது. பேசக் கற்றுக்கொண்ட ஒரு கதைப்பூனையின் பெயர் அது. நான்கு அடுக்கு, 12,000 எடைகள், காந்த வளையங்களில். ஓர் அறையையே அடைத்துக்கொண்டது. கட்டி முடிப்பதற்குள் சாதாரணக் கணினிகள் வேகமாகிவிட்டன. இந்த வேலையை நிரலாக எழுதி ஓட்டுவதே சீக்கிரம் என்ற நிலை வந்தது. ஆறு வருட உழைப்பை, கணினிகளின் திறன் சில வருடங்களுக்கொரு முறை இரட்டிக்கும் என்ற மூர் விதி விழுங்கிவிட்டது. அதே காலத்தில், மெக்கார்த்தி, மின்ஸ்கி, நியூவெல், சைமன் வழியிலான, குறியீடுகளையும் விதிகளையும் எழுதிக்கொடுத்துக் கணினியை யோசிக்க வைக்கும் குறியீட்டு அணுகுமுறை சதுரங்கம், தேற்றம், அல்ஜீப்ரா என்று கண்ணுக்குத் தெரியும் பலனைக் காட்டிக்கொண்டிருந்தது. பணம் எந்தப் பக்கம் போகும்?

அமெரிக்காவுக்கு வெளியே நிலவரம் இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கீவ் நகரில் அலெக்ஸி இவாக்னென்கோ 1965 வாக்கிலேயே பல அடுக்கு வலைகளை வேறொரு முறையில் பயிற்றுவித்தார். ஜப்பானில் ஷுன்-இச்சி அமாரி 1967இல் நுண்கணித வழியைக் காட்டினார். இந்தத் துறையே செத்துவிட்டது என்பது மின்ஸ்கி இருந்த பாஸ்டன் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதிய வரலாறு. பின்னோக்கிப் பிழை பரப்பும் முறையை டேவிட் ரூமெல்ஹார்ட், ஜெஃப்ரி ஹின்டன், ரொனால்ட் வில்லியம்ஸ் மூவரும் 1986இல் நேச்சர் இதழில் எழுதியபோதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மின்ஸ்கியும் பாப்பர்ட்டும் தங்கள் நூலைப் பிறகு விரிவாக்கி வெளியிட்டபோது, அதை ரோசன்பிளாட்டின் நினைவுக்குக் காணிக்கையாக்கியிருந்தார்கள்.

அவர் ஒதுங்கிப்போனாரா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 1959இலேயே இத்தாக்காவில் உள்ள கார்னெல் வளாகத்துக்கு வந்துவிட்டார். பின்னர் அங்கே உயிரியல் பிரிவில் இணைப் பேராசிரியர் ஆனார். மூளை இயங்கும் விதம் பற்றி அவர் நடத்திய வகுப்புக்குப் பொறியியல் மாணவர்களும் வருவார்கள், இலக்கியம் படிப்பவர்களும் வருவார்கள். கடற்படைப் பணத்தில் இயந்திரம் கட்டியவர், 1968இல் போரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்தியின் தேர்தல் பிரசாரத்துக்கு ஓடினார், வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் நடந்த போராட்டங்களில் கலந்துகொண்டார். பியானோவில் உட்கார்ந்தால் ஒரு குழந்தைப் பாட்டை எடுத்துக்கொண்டு முடிவே இல்லாமல் மாற்றி மாற்றி வாசிப்பாராம்.

1960களின் பிற்பாதியில் அவர் கவனம் எலிகள் பக்கம் போனது. பயிற்சி கொடுத்த எலியின் மூளையிலிருந்து எடுத்த சாற்றைப் பயிற்சியில்லாத எலிக்கு ஊசி போட்டால் கற்றது இதற்கு வந்துவிடுமா? இப்போது கேட்டால் சிரிப்பு வரும். அப்போது நினைவு ஏதாவதொரு வேதிப்பொருளாகத் தங்குகிறதோ என்று பல ஆய்வகங்கள் நம்பிய காலம், பலித்ததாக அறிக்கைகளும் வந்திருந்தன. நினைவு எந்த வடிவத்தில் தங்குகிறது என்பதுதானே அவருடைய பழைய கேள்வி. பல வருடம் கவனமாகச் சோதித்து, முதலில் சொன்ன பெரிய விளைவுகள் தவறு, அப்படி ஏதாவது இருந்தாலும் மிக மிகச் சிறியது என்ற முடிவுக்கு வந்தார். தான் ஆசைப்பட்டுத் தேடிய ஒன்றைத் தானே இல்லை என்று காட்டுவது எளிதான வேலை அல்ல. 1958இல் வாய் நீண்ட மனிதரிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னொரு பக்கம் வானியல். இத்தாக்காவுக்குக் கிழக்கே புரூக்டன்டேல் என்ற சிற்றூரில் வீடு வாங்கி, பின்னால் இருந்த குன்றின் மேல் ஒரு வானாய்வகம் கட்டினார். பகலில் டோபர்மரியில் வேலை செய்த மாணவர்கள் இரவில் அங்கே போய் அதைக் கட்ட உதவினார்கள். வேற்றுலக உயிர்களிடமிருந்து சமிக்ஞை வருகிறதா என்று தேடுவதில் அவருக்குத் தீவிர ஆர்வம். 1971இல் இக்காரஸ் என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். தூரத்து நட்சத்திரத்தின் முன்னே அதன் கோள் கடந்து போனால் வெளிச்சம் ஒரு துளி குறையும். அதோடு நிறமும் மாறும். நட்சத்திரத்தின் விளிம்பு நடுவைவிடச் சிவப்பு. ஆகவே கோள் விளிம்பை மறைக்கும்போது மிஞ்சும் ஒளி சற்றே நீலமாகும், நடுவுக்கு வந்தால் சிவப்பாகும், மறு விளிம்பில் திரும்ப நீலமாகும். இரண்டு நிறங்களில் அளந்து இந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்தால், கோள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சூரியன் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் ஒன்றைக்கூட அப்போது யாரும் கண்டதில்லை. முதலாவது கிடைக்க 1995 ஆனது.

அதே 1971 ஜூலை 11, அவருடைய 43ஆம் பிறந்தநாள். செசபீக் விரிகுடாவில் பாய்மரப் படகில் போனபோது விபத்தில் இறந்தார். மின்ஸ்கியின் புத்தகம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மனமுடைந்து போனார் என்று கதை சொல்பவர்கள் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சொல்கிறார்கள். அந்த இரண்டு வருடமும் அவர் எலிகளோடும் தொலைநோக்கியோடும் மும்முரமாக இருந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

அந்த இக்காரஸ் கட்டுரையை வில்லியம் போருக்கி என்ற நாசா விஞ்ஞானி எடுத்துக்கொண்டு 1984இல் மேற்கொண்டு கணக்குப் போட்டார். பிறகு பல வருடம் நாசாவின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 2009இல் பறந்த கெப்ளர் விண்கலம் அவர் தலைமையில் உருவானதுதான். அது வெளிச்சக் குறைவை அளந்து 2,600க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டுபிடித்தது. மார்க் 1 இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.